பட்டியலில் பெயர் இருந்தது, ஆள் இல்லை: கவனிப்பாரற்ற நிரல் பகுதிகளுக்குப் பராமரிப்பாளர் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நடுத்தர அளவிலான ஒரு திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள் திட்டத்தில் நடந்தது இது. பல வகைக் கோப்புகளைத் திறந்து, உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து, தேடுவதற்கு வசதியாக அடுக்கி வைப்பது அந்த மென்பொருளின் வேலை. ஆவணக் காப்பகங்களும் நூலகங்களும் அதைப் பயன்படுத்துகின்றன. சில நிறுவனங்களின் உள் தேடலும் அதில்தான் ஓடுகிறது. திட்டத்துக்கு அப்போது வயது 14. மென்பொருளின் மையப் பகுதியான நடுநிரலைப் பார்த்துக்கொள்ள ஐந்து பேர் இருந்தோம். யாருக்கும் இதற்குச் சம்பளம் கிடையாது. இருவருக்கு மட்டும் அவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் வாரத்துக்குச் சில மணி நேரம் ஒதுக்கித் தந்திருந்தார்கள். ரிலீஸ் வேலை, அதாவது புதிய பதிப்புகளை வெளியிடுவது, என் பொறுப்பு.

ஒவ்வொரு கோப்பு வகைக்கும் ஒரு ‘வாசிப்பான்’ உண்டு. மொத்தம் 38. அவற்றில் பெரும்பாலானவை ஒரே மாதிரித்தான் உள்ளே வந்தன. யாரோ ஒருவர் தன் தேவைக்காக எழுதுவார், நன்றாக இருக்கும், சேர்த்துக்கொள்வோம், ‘இதை நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவர் தன் பெயரைப் பட்டியலில் போட்டுக்கொள்வார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இருக்கும் ‘மெயின்டெய்னர்ஸ்’ கோப்பைப் பார்த்துத்தான் எங்கள் பட்டியலையும் செய்தோம். அந்தக் கோப்பில் பெயரோடு நிலையும் எழுதியிருக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு பார்ப்பவர் இருந்தால் ‘சப்போர்டட்’. உண்மையிலேயே ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தால் ‘மெயின்டெய்ன்ட்’. அவ்வப்போது வரும் திருத்தத்தைச் சேர்ப்பதற்கு மேல் நேரமில்லை என்றால் ‘ஆட் ஃபிக்சஸ்’. யாருமே இல்லை என்றால் ‘ஆர்ஃபன்’. நாங்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு நிலையைச் சொல்லும் வரியை விட்டுவிட்டோம். பின்னால் வந்த சிக்கலில் பாதி இங்கிருந்து தொடங்கியது.

எப்படித் தெரியவந்தது

ஒரு பாதுகாப்பு ஆய்வாளரிடமிருந்து தனி மடல் வந்தது. சுருக்கக் கோப்பு வாசிப்பானில், அதாவது ஜிப், டார் கோப்புகளைப் பிரிக்கும் பகுதியில், ஓட்டை இருப்பதாக எழுதியிருந்தார். ஜிப்புக்குள் இருக்கும் ஒரு கோப்பின் பெயரில் ‘../’ என்று வைத்துவிட்டால், பிரிக்கும்போது அது தனக்கு ஒதுக்கிய அடைவை (ஃபோல்டரை) தாண்டி வெளியே போய் எழுதும். ‘ஜிப் ஸ்லிப்’ என்ற பெயரில் 2018-இல் பரவலாகப் பேசப்பட்ட அதே வகைப் பிழை. அப்போதே எங்கள் நிரலையும் யாராவது சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை.

அந்த மடலின் கடைசிப் பத்தி எங்களைத் தலைகுனிய வைத்தது. அவர் முதலில் எங்களுக்கு எழுதவில்லை. பட்டியலைப் பார்த்து, அந்த வாசிப்பானுக்கு எதிரே இருந்த பெயருக்கு எழுதியிருக்கிறார். மூன்று வாரம் காத்திருந்தும் பதில் இல்லை. அப்புறம்தான் எங்களிடம் வந்தார். வெளியே சொல்வதற்கு முன் 90 நாள் அவகாசம் தருவது அவர் வழக்கம். அதில் 21 நாள் ஏற்கனவே போயிருந்தது.

அந்த நிரலை எங்கள் ஐவரில் யாரும் முழுதாகப் படித்ததே இல்லை. நான்கு நாளில் ஒரு திருத்தம் எழுதினோம். பெயரில் இரண்டு புள்ளி சேர்ந்து வந்தால் கோப்பைத் தள்ளிவிடு என்பதுதான் அந்தத் திருத்தம். வெளியிட்ட வாரத்திலேயே புகார் வந்தது: பெயரின் நடுவில் தற்செயலாக இரண்டு புள்ளி இருந்த சாதாரணக் கோப்புகளெல்லாம் தேடலில் விழாமல் போயிருந்தன. சரியான வழி வேறு. முழுப் பாதையையும் தீர்த்துப் பார்த்து, அது ஒதுக்கிய அடைவுக்குள் அடங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். டார் கோப்பில் வரும் சிம்லிங்க்குகளையும் (வேறு இடத்தைச் சுட்டும் குறுக்குவழிகளையும்) அதே கண்ணோடு பார்க்க வேண்டும். அந்த நிரலோடு பழகிய ஒருவருக்கு இது முதல் நாளே தோன்றியிருக்கும். எங்களுக்கு இரண்டாவது ரிலீஸ் வரை ஆனது.

கணக்கெடுப்பு

ஓட்டையை அடைத்தபின், பட்டியலில் இன்னும் எத்தனை பெயர்களுக்குப் பின்னால் ஆள் இல்லை என்று பார்க்க உட்கார்ந்தோம். முதலில் நான் செய்தது தவறான கணக்கு. ஒவ்வொரு அடைவிலும் கடைசி கமிட் (பதிவான மாற்றம்) என்றைக்கு என்று, மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் வழியாக எடுத்தேன். 38-இல் 35 கடந்த ஓராண்டுக்குள் தொடப்பட்டதாக வந்தது. நிம்மதியாக இருந்தது. ஆனால் அவற்றில் பல, ஒரே நாளில் ஒருவர் மொத்த நிரலின் தோற்றத்தையும் சீராக்க ஓட்டிய கமிட், உரிம வரியில் ஆண்டை மாற்றிய கமிட், மென்பொருளைக் கட்டுவதற்கான பில்ட் கோப்பைத் திருத்திய கமிட். நிரல் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டு யாராவது கை வைத்தார்களா என்பதை அந்தத் தேதிகள் சொல்லவில்லை.

மறுபடி எண்ணும்போது மூன்று விஷயம் மட்டும் பார்த்தோம். பட்டியலில் இருப்பவர் கடைசியாக எப்போது அந்த நிரலின் நடத்தையை மாற்றினார், கடைசியாக எப்போது ஒரு வழு (பிழை) அறிக்கைக்குப் பதில் எழுதினார், பதிலே இல்லாமல் கிடக்கும் மிகப் பழைய பேட்ச் (யாரோ அனுப்பிய திருத்தம்) எது. இப்படிப் பார்த்தால் 21 வாசிப்பான்கள் நன்றாக இருந்தன. எட்டில், பட்டியலில் இருப்பவர் போய்விட்டாலும் வேறொருவர் சத்தமில்லாமல் வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவர்கள் பெயர் எங்குமே இல்லை. இதைக் கண்டபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சிலர் இரண்டு மூன்று ஆண்டுகளாக உழைத்திருக்கிறார்கள். அன்றே அவர்களிடம் கேட்டுப் பெயரை மாற்றினோம்.

மீதி ஒன்பதுக்கு யாருமே இல்லை.

அந்த ஒன்பதில் எது உண்மையில் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்வது எளிதல்ல. பயனர்களைக் கண்காணிக்கும் எதையும் நாங்கள் மென்பொருளில் வைப்பதில்லை, வைக்கப்போவதும் இல்லை. அதனால் வெளியே தெரியும் தடங்களைத் தேடினோம்: வழு அறிக்கைகள் வருகின்றனவா, லினக்ஸ் வழங்கல்களின் (லினக்ஸைப் பல மென்பொருள்களோடு சேர்த்துத் தருபவை) தொகுப்புகளில் எங்கள் நிரலின் மீது தனியாகப் பேட்ச் வைத்திருக்கிறார்களா, யாராவது பிரதி எடுத்துத் தங்கள் பக்கம் திருத்திக்கொண்டிருக்கிறார்களா. நான்கு பகுதிகள் நிறையப் புழங்குவது இப்படித் தெரிந்தது. சுருக்கக் கோப்பு வாசிப்பான், பழைய மின்னஞ்சல் பெட்டிகளைப் படிக்கும் எம்பாக்ஸ் வாசிப்பான், ஆர்டிஎஃப் என்ற ஆவண வடிவத்தின் வாசிப்பான், கோப்பின் எழுத்துகள் எந்தக் குறியாக்க முறையில் பதிவாகியிருக்கின்றன என்று ஊகிக்கும் பகுதி. மற்ற ஐந்துக்கும் தடமே அரிதாக இருந்தது.

பழைய பராமரிப்பாளர்களுக்கு எழுதியது

ஒன்பது பகுதிகளும் ஏழு பேர் பெயரில் இருந்தன. முதல் வரைவு மடலை நான் எழுதினேன். ‘உங்கள் பகுதி நீண்ட நாட்களாகக் கவனிக்கப்படவில்லை, 30 நாளில் பதில் வராவிட்டால் பெயர் நீக்கப்படும்’ என்ற பொருளில் இருந்தது. எங்களில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, ‘பத்து வருஷத்துக்கு முன்னால் சும்மா கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்புகிற மாதிரி இருக்கிறது’ என்றார். அவர் சொன்னது சரி. அனுப்பியது வேறு மடல். அதன் சாரம்:

‘நீங்கள் எழுதிய வாசிப்பான் இன்றும் பலருக்கு உதவிக்கொண்டிருக்கிறது. நன்றி. உங்கள் நேரம் இப்போது எப்படி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. மூன்றில் ஒன்றைச் சொன்னால் போதும்: தொடர்கிறேன், வேறு ஆள் கிடைக்கும்வரை வைத்திருக்கிறேன், விடுவித்துவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எதைச் சொன்னாலும் உங்கள் பெயர் நன்றிப் பட்டியலில் இருக்கும்.’

இந்த மூன்று பிரிவு எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் தொகுப்புகளுக்கு இப்படித்தான் தனித்தனி அறிவிப்பு உண்டு: முழுதாகக் கைவிட்டது ஒன்று, தத்தெடுக்க ஆள் தேடும்வரை கையில் வைத்திருப்பது ஒன்று, கூட ஒரு கை வேண்டும் என்று கேட்பது ஒன்று. பராமரிப்பாளர் கவனிக்காமல் விட்ட தொகுப்பை இன்னொருவர் மீட்டெடுக்க விரும்பினால், முதலில் வெளிப்படையாக அறிவித்து 21 நாள் காத்திருக்க வேண்டும் என்ற நடைமுறையும் அங்கே இருக்கிறது. பெர்ல் நிரல்மொழிக்கான சிபான் தொகுப்புக் களஞ்சியத்தில் ‘அடாப்ட்மீ’ என்றே ஒரு கணக்கு உண்டு. அதன் பெயரில் எழுதிவைத்தால் இந்தத் தொகுப்பை யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று பொருள். விலகுவதற்கு இப்படி மரியாதையான ஒரு வழி போட்டுவைத்த இடங்களில், ஆட்கள் சொல்லாமல் காணாமல் போவது குறையும் என்பது என் கருத்து.

ஒரு வாரத்தில் நால்வர் பதில் எழுதினார்கள். மூவர் விடுவிக்கச் சொன்னார்கள். எம்பாக்ஸ் வாசிப்பானை எழுதியவர், ‘யாராவது இதைக் கேட்பார்களா என்று நான்கு வருஷமாகக் காத்திருந்தேன், நானாகச் சொல்ல வெட்கமாக இருந்தது’ என்று எழுதினார். அந்த வரியை நான் மறக்கவில்லை. குற்ற உணர்வு அவரை மடல் பெட்டியைத் திறக்கவிடாமல் செய்திருக்கிறது. திறக்காததால் அது மேலும் கூடியிருக்கிறது. நாங்கள் ஐந்து நிமிடம் செலவழித்துக் கேட்டிருந்தால் அந்த நான்கு வருஷப் பாரம் அவருக்கு இருந்திருக்காது. நான்காமவர் தொடர்வதாகச் சொன்னார். ஒருவருக்கு அனுப்பிய மடல் முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. இருவரிடமிருந்து பதிலே இல்லை. 30 நாள் கழித்து அவர்கள் பெயரையும் எடுத்தோம். அதில் ஒரு தவறு நடந்தது. அது பின்னால் வருகிறது.

பொது அறிவிப்பு

பெயர்கள் காலியானதும், ‘இந்தப் பகுதிகளுக்குப் பராமரிப்பாளர் தேவை’ என்று திட்டத்தின் முகப்பிலும் ரிலீஸ் குறிப்பிலும் போட்டோம். 11 பேர் ஆர்வம் தெரிவித்தார்கள். இருவர் ஆளுக்கொரு பேட்ச் அனுப்பினார்கள். மூன்றாம் மாதம் யாருமே இல்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் கேட்டதற்கு உருவம் இல்லை. பராமரிப்பாளர் என்றால் வாரத்துக்கு எவ்வளவு நேரம், எத்தனை காலம், எதற்கெல்லாம் பொறுப்பு, முடியாமல் போனால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்தவர்கள் 40 பழைய வழு அறிக்கைகளைப் பார்த்து மலைத்துப் போனார்கள். அதைவிட முக்கியமான இன்னொன்றை நாங்கள் கவனிக்கவே நேரம் பிடித்தது: அந்த நிரலை உண்மையில் அறிந்தவர்கள் யாரும் அறிவிப்புக்குப் பதில் எழுதவில்லை. பிறகு அவர்களிடம் பேசியபோது எல்லோரும் கிட்டத்தட்ட ஒன்றையே சொன்னார்கள்: ‘நான் ரெண்டு பேட்ச்தானே போட்டேன், பராமரிப்பாளர் ஆகுற அளவுக்கு நான் ஆள் இல்லையே.’ பொது அறிவிப்பு தன்னம்பிக்கை உள்ளவர்களைக் கூப்பிட்டது. எங்களுக்குத் தேவைப்பட்டவர்கள் வேறு.

ஆளைத் தேடிப் போனது

அதனால் வழியை மாற்றினோம். கணக்கெடுப்பில் கிடைத்த தடங்களையே திரும்ப எடுத்து, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களைப் பார்த்தோம்.

சுருக்கக் கோப்பு வாசிப்பானுக்கு, ஒரு லினக்ஸ் வழங்கலில் எங்கள் மென்பொருளைத் தொகுப்பவர் ஆறு பேட்ச்களை ஆண்டுக்கணக்கில் தன் பக்கம் சுமந்துகொண்டிருந்தார். அவற்றில் இரண்டு, எங்களிடம் வந்து பதிலில்லாமல் கிடந்தவை. ஒவ்வொரு ரிலீஸுக்கும் அவர் அதையெல்லாம் மறுபடி பொருத்த வேண்டியிருந்தது. இந்த நிரல் நன்றாக இருந்தால் அவருக்கே வேலை குறையும். இதைவிடப் பொருத்தமான ஆள் இருக்க முடியாது. ஆனால் நாங்கள் ஒருமுறைகூட அவரோடு பேசியதில்லை.

எம்பாக்ஸுக்குக் கிடைத்தவர் ஒரு காப்பகத்தில் பழைய மின்னஞ்சல்களைப் பாதுகாப்பவர். தொழில்முறை நிரலாளர் அல்ல. தன் தேவைக்குப் பைத்தான் மொழியில் நிரல் எழுதுவார். ஆனால் அவர் அனுப்பிய வழு அறிக்கைகளைப் போல் யாரும் அனுப்பியதில்லை. எம்பாக்ஸ் பார்க்க எளிமையான வடிவம். வரித் தொடக்கத்தில் ‘ஃப்ரம்’ என்ற சொல்லும் ஓர் இடைவெளியும் வந்தால் அங்கே புது மடல் தொடங்குகிறது, அவ்வளவுதான். சிக்கல், மடலின் உள்ளே ஒரு வாக்கியமே அந்தச் சொல்லோடு தொடங்கினால். அதற்கு முன்னால் ‘>’ குறி போட்டு மறைப்பார்கள். சில நிரல்கள் ஏற்கனவே ‘>’ இருக்கும் வரிக்கும் இன்னொன்று போடும், சில போடாது, சில குறியும் போட்டு மடலின் நீளத்தையும் தலைப்பில் எழுதிவைக்கும், சில குறியே போடாமல் நீளத்தை மட்டும் எழுதிவைக்கும். ஆக நான்கு கிளை வழக்குகள். எங்கள் வாசிப்பான் எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்து, சில பெட்டிகளில் ஒரே மடலை இரண்டாக வெட்டியது. இதை மாதிரிக் கோப்போடு, எந்தக் காலத்து நிரல் எப்படி எழுதும் என்ற அட்டவணையோடு அவர் விளக்கியிருந்தார். அந்த அறிக்கை 14 மாதம் பதிலில்லாமல் இருந்தது. இந்த அறிவுதான் எம்பாக்ஸ் வாசிப்பானுக்குத் தேவை. நிரல் எழுதுவதில் யார் வேண்டுமானாலும் கை கொடுக்கலாம்.

ஆர்டிஎஃப்புக்கு ஒரு நிறுவனத்தின் பிரதியில் 20-க்கும் மேற்பட்ட திருத்தங்கள் கிடந்தன. அவற்றைச் செய்தவர் எங்களுக்குத் தர விரும்பினார், ஆனால் நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்றார். இங்கே பணம் கொடுத்து ஆள் வைக்கலாமா என்றும் பேசினோம். பணமில்லாமல் முக்கியமான நிரல் எப்படிக் கிடந்தது என்பதற்கு, இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் தெரிந்த உதாரணம். 2014-இல் அதிலிருந்த ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிவந்தபோது அந்தத் திட்டத்துக்கு நன்கொடையாக வந்துகொண்டிருந்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான். எங்கள் கையிருப்பும் ஒருவரை வைத்துக்கொள்ளும் அளவில் இல்லை. அதனால் அந்த நிறுவனத்திடம் பணத்துக்குப் பதில் மாதம் நான்கு மணி நேரம் கேட்டோம். தங்கள் பிரதியை ஒவ்வொரு முறையும் எங்களோடு ஒட்டவைக்க அவர்களுக்கு ஆகும் நேரம் அதைவிட அதிகம் என்று அவர்களுடைய கமிட்களை வைத்தே காட்டினோம். மூன்று மாதம் இழுத்து, ஒப்புக்கொண்டார்கள்.

குறியாக்கம் ஊகிக்கும் பகுதிக்கு, முன்பு அறிவிப்பைப் பார்த்து வந்த ஒரு மாணவர் மீண்டும் வந்தார். துடிப்பானவர்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினோம். அவர் செய்த குறிப்பிட்ட வேலையைச் சொல்லித் தொடங்கினோம். ஆறு மாதத்துக்கு மட்டும் கேட்டோம். செய்ய வேண்டியது: அந்தப் பகுதிக்கு வரும் பேட்ச்களைப் படித்துக் கருத்துச் சொல்வது, புதிய வழு அறிக்கைக்கு இரண்டு வாரத்துக்குள் ஒரு வரியாவது எழுதுவது. செய்ய வேண்டாதது: ரிலீஸ், பாதுகாப்பு மடல்களுக்கு முதல் பதில், கோபமாக எழுதுபவர்களைச் சமாளிப்பது, பழைய 40 அறிக்கைகள். இவை எங்கள் வேலை. ஆறு மாதம் முடிந்ததும் நாங்களே கேட்போம். அவர் எதுவும் சொல்லவில்லை என்றால் பொறுப்பு முடிந்தது என்று பொருள். மௌனம் என்றால் தொடர்கிறார் என்று எடுத்துக்கொண்டதுதான் எங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது.

தொகுப்பாளர் அன்றைக்கே சரி என்றார். காப்பகத்துக்காரர், ‘நான் நிரலாளர் இல்லையே’ என்று இரண்டு முறை மறுத்து, எங்களில் ஒருவர் நிரல் பக்கம் துணை நிற்பதாகச் சொன்னபின் ஏற்றுக்கொண்டார்.

உரிமையை எப்போது கொடுப்பது

எங்களுக்குள் நிறைய வாதம் நடந்தது இதில்தான். ஒரு பக்கம், ஆளைக் கூப்பிட்டுவிட்டு மெர்ஜ் உரிமை (மாற்றங்களை நிரலில் சேர்க்கும் உரிமை) தராமல் வாசலில் நிற்கவைத்தால் அவர் போய்விடுவார். இன்னொரு பக்கம், 2018-இல் ‘ஈவன்ட்-ஸ்ட்ரீம்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் நினைவிருந்தது. தனக்குப் பயனில்லாத பழைய தொகுப்பை, உதவ வந்த ஒருவருக்கு அதன் ஆசிரியர் கொடுத்துவிட்டார். வந்தவர், அந்தத் தொகுப்பு சார்ந்திருக்கும்படி சேர்த்த வேறொரு தொகுப்பு வழியாக ஒரு பிட்காயின் பணப்பையைக் குறிவைத்துத் திருட்டு நிரலை நுழைத்தார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் 2024 மார்ச்சில் வெளிப்பட்ட விவகாரம் இன்னும் கலங்கவைத்தது. அங்கே வந்தவர் ஓரிரு நாளில் உரிமை வாங்கவில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல பங்களிப்பாளராக இருந்தார். தனியாகக் களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரை, பொறுப்பைப் பகிருங்கள் என்று வேறு சில பெயர்களிலிருந்து வந்த மடல்கள் நெருக்கின. அவர் வைத்த பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) 5.6.0, 5.6.1 ரிலீஸ்களில் போனது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ரெயண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் அதைப் பிடித்தார்.

காத்திருக்கும் காலத்தை நீட்டினால் பாதுகாப்பு வந்துவிடாது என்பது எக்ஸ்இசட்டிலிருந்து தெரிகிறது. அதனால் ஆளை எவ்வளவு நம்புவது என்ற கேள்வியை ஒதுக்கிவைத்து, ஒரே ஆள் தனியாக எதைச் செய்ய முடியும் என்பதைக் குறைத்தோம். பத்து பேட்ச் நல்லபடியாக உள்ளே போனால் அந்த அடைவுக்கு மட்டும் மெர்ஜ் உரிமை. எந்த மெர்ஜுக்கும் இரண்டாவது கண் கட்டாயம், எங்களுக்கும்தான். ரிலீஸ் எங்களுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இருவரிடம் மட்டும். எக்ஸ்இசட்டில் தீய நிரல் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. வெளியிட்ட மூலத் தொகுப்பிலும், எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லாத ஒரு மாற்றம் இருந்தது. ஆகவே சோதனைக்கான ஜிப், எம்பாக்ஸ் கோப்புகளை முடிந்தவரை ஸ்கிரிப்ட் வைத்து உருவாக்குவது, ரிலீஸ் தொகுப்பைக் களஞ்சியத்திலிருந்து தானியங்கியாகவே கட்டுவது என்று முடிவெடுத்தோம். அடையாளச் சான்று கேட்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். பெயரை வெளியே சொல்ல முடியாத நல்ல பங்களிப்பாளர்களும் இருக்கிறார்கள், போலிச் சான்று தருவதும் கடினமல்ல.

பராமரிப்பாளரை யாராவது நெருக்கினால் அந்த மடலுக்கு நடுக்குழுதான் பதில் எழுதும் என்றும் எழுதிவைத்தோம். இதை இருமுறை பயன்படுத்த வேண்டிவந்தது.

யாரும் கிடைக்காத ஐந்து

மீதி ஐந்து பகுதிகளை உடனே நீக்கவில்லை. பைத்தான் மொழியோடு கூடவே வரும் நூலகத்திலிருந்து பழைய தொகுதிகளை எடுத்த விதத்தைப் பின்பற்றினோம். அங்கே 3.11-இல் எச்சரிக்கை கொடுத்து, 2024-இல் வந்த 3.13-இல் 19 தொகுதிகளை நீக்கினார்கள். நாங்களும் ஒரு ரிலீஸில் ஐந்தையும் இயல்பாக அணைத்து வைத்து, ‘பராமரிப்பாளர் இல்லாததால் அடுத்த பெரிய ரிலீஸில் நீக்கப்படும்’ என்று ஓடும்போதே காட்டும்படி செய்தோம்.

இதன் விளைவை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஐந்தில் ஒன்று, பழைய விளக்கப்படக் கோப்பு வாசிப்பான். அதற்கு ஒரே மாதத்தில் இரண்டு பயனர்கள் எழுதினார்கள். ஒருவர் அதை ஏற்றுக்கொண்டார், இன்றும் பார்க்கிறார். பல மாதம் முகப்பில் தொங்கிய ‘தேவை’ அறிவிப்பு அவர் கண்ணில் பட்டதே இல்லை, ஏனென்றால் அவர் எங்கள் முகப்புக்கு வருபவர் அல்ல. திரையில் வந்த எச்சரிக்கை அவரை எட்டியது. மற்ற நான்கையும் நீக்கினோம். அதில் ஒன்று, தொடர்வதாகச் சொன்னவருடையது. மூன்று மாதம் கழித்து அவரே, இனி முடியாது, எடுத்துவிடுங்கள் என்று எழுதிவிட்டார். நீக்கியபின் ஒரே ஒரு புகார் வந்தது. பழைய ரிலீஸை வைத்துக்கொள்ள அவருக்கு வழி சொன்னோம்.

18 மாதம் கழித்து

சுருக்கக் கோப்பு வாசிப்பான் நல்ல நிலையில் இருக்கிறது. தொகுப்பாளர் தன் ஆறு பேட்ச்களையும் முதல் இரண்டு மாதத்தில் உள்ளே கொண்டுவந்தார். பாதை சோதிக்கும் நிரலை முழுதாக மாற்றி எழுதினார். அவர் அழைத்துவந்த இன்னொருவரும் சேர்ந்திருக்கிறார்.

எம்பாக்ஸில் திறந்திருந்த 31 அறிக்கைகள் 9 ஆகக் குறைந்தன. மாதிரிக் கோப்புகளோடு கூடிய சோதனைத் தொகுதியே இப்போது அந்த வடிவத்துக்கான நல்ல விளக்கமாக இருக்கிறது. காப்பகத்துக்காரர் மூன்றாவது ஆறு மாதத்தில் இருக்கிறார்.

ஆர்டிஎஃப் சுமாராக ஓடுகிறது. மாதம் நான்கு மணி நேரம் திருத்தங்களைச் சேர்க்கத்தான் போதும். அதைப் பட்டியலில் அப்படியே எழுதியிருக்கிறோம்.

மாணவர் ஐந்தாம் மாதம் விலகினார். தேர்வு, அப்புறம் வேலை. தவறு அவருடையது அல்ல. மற்ற இருவருக்கும் எங்களில் ஒருவர் துணை நின்றோம். அவர் துடிப்பாக இருக்கிறார், தானே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டோம். தொடங்கிய பெரிய மாற்றம் ஒன்றை ரிவியூ செய்ய எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில்தான் அவருடைய ஆர்வம் குறையத் தொடங்கியது என்று இப்போது கமிட் தேதிகளைப் பார்த்தால் தெரிகிறது.

இன்னொரு தவறு, முன்பு சொன்னது. பதில் எழுதாத இருவரில் ஆர்டிஎஃப் வாசிப்பானை முதலில் எழுதியவர் எட்டு மாதம் கழித்து எழுதினார். தன்னைக் கேட்காமல் பெயரை எடுத்துவிட்டதாக வருந்தியிருந்தார். நாங்கள் பட்டியலில் இருந்த முகவரிக்கு மட்டும் ஒரே ஒரு மடல் அனுப்பியிருந்தோம். அது அவர் விட்டுவிட்ட முகவரி. அவருடைய புதிய முகவரி எங்கள் களஞ்சியத்திலேயே, வேறொரு பகுதிக்கு அவர் அனுப்பிய கமிட்டில் இருந்தது. தேடியிருந்தால் இரண்டு நிமிடம். மன்னிப்புக் கேட்டோம், பொறுப்பைத் திரும்ப ஏற்க விருப்பமா என்றும் கேட்டோம். வேண்டாம் என்றார்.

இந்த வேலைக்கு ஆன விலையையும் சொல்ல வேண்டும். மடல்கள், உரையாடல்கள், ரிவியூ எல்லாம் சேர்ந்து அந்த ஆண்டு ஒரு ரிலீஸ் இரண்டு மாதம் தள்ளிப்போனது. புதிய வசதி எதுவும் அதில் இல்லை.

மறுபடி செய்தால் மாற்றுவது

பொது அறிவிப்பில் தொடங்கமாட்டோம். தடங்களைப் பார்த்து ஆளுக்கு எழுதுவதுதான் முதல் வேலை. அறிவிப்பு வேண்டுமென்றால், மென்பொருளைப் பயன்படுத்தும்போதே கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

பெயரை எடுப்பதற்கு முன் குறைந்தது இரண்டு வழியில், இரண்டு முறை தொடர்புகொள்வோம். புதிதாக வருபவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் துணைக்கு ஒருவர் பெயரைச் சேர்த்தே எழுதுவோம். துணைக்கு யாருக்கும் நேரமில்லை என்றால் அந்த அழைப்பையே அனுப்பமாட்டோம். ஆறு மாதக் கேள்வியைப் புதியவர்களோடு நிறுத்தாமல் நடுக்குழு ஐவருக்கும் கொண்டுவந்துவிட்டோம். சென்ற முறை அதில் ஒருவர், ‘வேறு ஆள் கிடைக்கும்வரை வைத்திருக்கிறேன்’ என்று பதில் சொன்னார். அவர் இடத்துக்கு இப்போதிருந்தே தேடுகிறோம்.

குறியாக்கம் ஊகிக்கும் பகுதிக்கு இன்னும் ஆள் இல்லை. பட்டியலில் அதன் எதிரே ‘யாருமில்லை, பாதுகாப்பு மடல்கள் நடுக்குழுவுக்கு’ என்று எழுதியிருக்கிறது. விலகும்போது மாணவர் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதிவைத்தார்: எதை மாற்றத் தொடங்கினார், எங்கே நின்றது, எந்தச் சோதனை ஏன் தோற்கிறது என்று. அது அந்த அடைவின் முதல் கோப்பாக இருக்கிறது. அங்கே வழு அறிக்கை எழுதும் மூவருக்கு இந்த வாரம் தனித்தனியாக மடல் போகிறது.